முன்வாசலுக்கு வராத விண்ணப்பம்

எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றால் அந்தப் பெரிய மருத்துவமனையில் காவலாளி முதல் அறுவைச் சிகிச்சை டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் முதலில் வேலைக்குச் சேர்ந்தது தொலைபேசி எக்ஸ்சேஞ்சில். வெளியிலிருந்து வருகிற அழைப்புகள் எல்லாம் ஒரே எண்ணுக்கு வரும். யார் வேண்டும் என்று கேட்டு, உரிய வார்டுக்கு இணைத்துவிட வேண்டும். பிற்பாடு ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நேரடி எண் வந்தது. எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெறுங்கள் என்று நிர்வாகம் சொன்னபோது, "வீட்ல உட்கார்ந்து யாரை யாரோட இணைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தார். தேர்வில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறினார்.

கம்ப்யூட்டர் பிரிவு முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. குளிர்சாதனம் ஓயாமல் உறுமும். அக்கா வெயில் காலத்திலும் தோளில் சால்வையோடுதான் உட்கார்ந்திருப்பார். அங்கே அவர் பொறுப்புக்கு வந்தது வெப் சர்வர். மருத்துவமனையின் இணையப் பக்கத்தைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் வந்து நிற்கும் இடம் அது. அது தானாக எந்த வேலையும் செய்யாது. கேட்டதை வாங்கி, உள்ளே நிஜமாக வேலை செய்கிற அப்ளிகேஷன் சர்வரிடம் கொடுத்து, அது சொல்லும் பதிலை வாசலில் நிற்பவரிடம் சேர்க்கும். எந்தக் கேள்வியை எந்த இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஓர் அமைப்புக் கோப்பில் வரிவரியாக எழுதி வைக்க வேண்டும். "பழைய வேலையேதான், காதுல மாட்டுற கருவி மட்டும் போயிடுச்சு" என்பார் அக்கா.

அவருக்கு ஒரே தங்கை. ஆற்றுக்கு அப்பால் இருக்கிற பிரசவ கிளினிக்கில் நர்ஸ். இருவரும் ஒரே வீட்டில், அக்கா கீழே, தங்கை மாடியில். மாடியில் காயப்போடும் துணி கீழே சொட்டுகிறது என்று ஒரு வழக்கு அவர்களுக்குள் வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. காலையில் சண்டை போட்டாலும் ஒரே பேருந்தில்தான் போவார்கள். அக்கா முதல் நிறுத்தத்தில் இறங்குவார், தங்கை பாலம் தாண்டிப் போவாள்.

சுற்று வட்டாரத்துக் கிளினிக்குகளுக்கு ரத்தம் போவது பெரிய மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்துதான். கிளினிக்கின் கணினியில் ஒரு படிவத்தை நிரப்பினால் ஒரு விண்ணப்ப எண் வரும். அந்த எண்ணில்தான் ரத்தப் பையின் லேபிள் அச்சாகும். லேபிள் இல்லாத பையை ரத்த வங்கியும் வெளியே விடாது, வாங்குகிறவர்களும் நோயாளிக்கு ஏற்ற மாட்டார்கள். இந்த வேலைக்கான பழைய நிரலை மாற்றி, கம்பெனி ஒன்றிடம் புதிதாக எழுதி வாங்கியிருந்தார்கள். கிளினிக்குக்காரர்கள் பழகிக்கொள்வதற்காக, அதே நிரலைப் பயிற்சிக் கணினி ஒன்றிலும் போட்டு வைத்திருந்தது கம்பெனி. அந்தக் கணினி கம்பெனியின் இடத்தில், கம்பெனியின் பொறுப்பில் இருந்தது. அக்கா அதற்குள் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. போன வாரம் முழுக்கப் புதிய நிரலின் இணைய முகவரிக்கு வந்தவர்களை அந்தப் பயிற்சிக் கணினிக்குத் திருப்பிவிட்டிருந்தார் அக்கா.

அன்று காலை அந்த வரியை எடுத்துவிட்டு, உண்மையான அப்ளிகேஷன் சர்வருக்கு அனுப்பும் வரியை எழுதினார். சரிபார்க்கும் கட்டளை பிழையில்லை என்றது. தன் கணினியில் பக்கத்தைத் திறந்து பார்த்தார், வந்தது. அடுத்தடுத்து மூன்று கிளினிக்குகளிலிருந்து விண்ணப்பங்கள் வந்தன. பிரிவின் தலைவர் அக்காவைவிட இருபது வயது இளையவர். எழுந்து நின்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு."

"பந்தி முடியட்டும் சார், அப்புறம் சொல்லுங்க" என்றார் அக்கா.

அப்போதுதான் தங்கையின் அழைப்பு வந்தது.

"அக்கா, வண்டி கிளம்பிடுச்சா?"

"எந்த வண்டி?"

"என்ன எந்த வண்டி? ரத்தம் கேட்டு அரை மணி நேரமாச்சு. பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்குது. ஓ நெகட்டிவ். இங்க இருந்தது ஒரே பை, அதை ஏத்தியாச்சு. ரத்த வங்கியில போனை எடுக்கவே மாட்டேங்கிறாங்க. நீ போய்ப் பாரு."

"லைன்ல இரு."

"லைன்ல இருக்க நான் என்ன உன்னோட பழைய வாடிக்கையா? இங்க ஒருத்தி வெளுத்துப்போய்க் கிடக்கிறா!"

அக்கா தங்கையை லைனில் விட்டுவிட்டு, உள் தொலைபேசியில் ரத்த வங்கி டாக்டரம்மாவைப் பிடித்தார். டாக்டரம்மா திரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து இன்னிக்கு ஒண்ணுமே வரலையே."

"நல்லாப் பாருங்க டாக்டர். அரை மணி ஆச்சாம்."

"மூணு விண்ணப்பம்தான் வந்திருக்கு. மூணும் வேற கிளினிக்கு. ஓ நெகட்டிவே யாரும் கேட்கல."

"எங்க பக்கம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் முதலில் வாயில் வருகிற வாக்கியம் அதுதான். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை.

வெப் சர்வருக்கு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்ற பதிவைத் திறந்தார். காலையிலிருந்து வந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். தங்கையின் கிளினிக் அதில் இல்லை. கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமல் திரும்பிப் போயிருந்தாலும் ஒரு வரி விழுந்திருக்கும். வாசலுக்கே வரவில்லை.

"நீ அனுப்பினதே வந்து சேரல. உங்க லைன்ல ஏதாவது கோளாறா?"

"கோளாறுன்னா நம்பர் எப்படி வரும்? நம்பர் வந்தது, எழுதி வச்சிருக்கேன்."

"என்ன நம்பர்?"

"நாற்பத்தேழு."

அக்கா அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்தார். புதிய நிரல் பழைய வரிசையைத் தொடர்ந்துதான் எண் கொடுக்கும். எல்லாமே ஆறு இலக்கம். ஒன்றிலிருந்து தொடங்கி எண் கொடுப்பது பயிற்சிக் கணினி மட்டும்தான்.

அதைத் திறந்து பார்த்தார். நாற்பத்தேழாவது விண்ணப்பம் அங்கே இருந்தது. நோயாளியின் வயது, ஓ நெகட்டிவ், இரண்டு பை, மிக அவசரம். பக்கத்தில் பச்சை நிறத்தில் 'ஏற்கப்பட்டது' என்று இருந்தது. அதற்குப் பின்னால் ரத்த வங்கி என்று எதுவும் இல்லை. எதைக் கேட்டாலும் ஏற்கும் வெறும் இயந்திரம். இந்த அரை மணி நேரமும் தங்கை அந்தப் பச்சை எழுத்தை நம்பி உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சிப் பக்கத்தின் தலையில் முதலில் ஒரு மஞ்சள் பட்டை இருந்தது. படிவத்தின் முதல் கட்டத்தை அது மறைக்கிறது என்று கிளினிக்குகள் குறை சொல்ல, அக்காவே கம்பெனிக்குச் சொல்லி அதை எடுக்க வைத்திருந்தார். இப்போது மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பக்கங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

"சார், இங்க வாங்க" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

"வரியை எடுத்துட்டீங்கல்ல?"

"எடுத்துட்டேன். பாருங்க, இல்ல."

"பழைய கோப்பு இருக்கா? நேத்து வரைக்கும் இருந்தது?"

அக்கா எந்தக் கோப்பை மாற்றினாலும் முந்தையதை எடுத்து வைப்பவர். திறந்து காட்டினார். தலைவர் குனிந்து படித்தார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"அக்கா, 301-ன்னு போட்டிருக்கீங்க."

அக்கா பார்த்தார். 302 என்று இருக்க வேண்டிய இடம். திருப்பிவிடுவதில் இரண்டு விதம் உண்டு. 302 என்றால், இப்போதைக்கு அங்கே போ, அடுத்த முறையும் என்னிடம் கேட்டுக்கொண்டே போ என்று அர்த்தம். 301 என்றால், அவர்கள் வீடு மாறிவிட்டார்கள், இனிமேல் நேராக அங்கேயே போய்க்கொள் என்று அர்த்தம். கேட்பவரின் கணினியில் பக்கத்தைத் திறந்து காட்டுகிற உலாவி, அதாவது பிரவுசர், அதை மனதில் வைத்துக்கொண்டுவிடும். அடுத்த முறை வாசலுக்கே வராது. இரண்டு வருடத்துக்கு முன் நிஜமாகவே இடம் மாறிய வேறு ஒரு பக்கத்துக்கு எழுதிய வரியை அக்கா நகலெடுத்து, முகவரியை மட்டும் மாற்றியிருந்தார். எண்ணை மாற்றவில்லை.

பழகிப் பார்க்காத சோம்பேறிக் கிளினிக்குகள் அன்று காலை சரியான வாசலுக்கு வந்தன. ஒழுங்காகப் பழகியவர்கள்தாம் மாட்டிக்கொண்டார்கள். தங்கையை, "என் கூடப் பிறந்தவளே பழகலன்னா மத்தவங்களுக்கு எந்த மூஞ்சியோட சொல்றது?" என்று விரட்டி விரட்டிப் பழக வைத்ததும் அக்காதான்.

"பக்கத்தைப் புதுப்பிச்சுப் பாரு" என்றார் போனில்.

"புதுப்பிச்சாச்சு. அதே பக்கம்தான்."

"முகவரியை முழுசா அடிச்சுப் பாரு."

"அடிச்சேன். அதேதான் வருது. அக்கா, எனக்கு உன் பாடம் வேணாம், ரத்தம் வேணும்."

பயிற்சிக் கணினிக்கு வருகிறவர்களை இங்கே திருப்பிவிடச் சொல்வதற்காகத் தலைவர் கம்பெனிக்காரரின் எண்ணை மூன்றாம் முறை அழைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளினிக் கணினிகளில் உலாவியின் நினைவை அழிக்கும் வசதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். யாரும் எதையும் கலைத்துவிடக் கூடாது என்று அப்படிப் பூட்டியதும் இதே பிரிவுதான்.

உள் தொலைபேசி மணி அடித்தது. டாக்டரம்மா.

"ரெண்டு பையை எடுத்துப் பெட்டியில வச்சுட்டேன். வண்டியும் ரெடி. நம்பர் மட்டும் குடுங்க. நம்பர் இல்லாம லேபிள் வராது, லேபிள் இல்லாமப் போனா அங்க அவங்க ஏத்தமாட்டாங்க. ஏத்தவும் கூடாது."

"குடுக்கிறேன் டாக்டர்."

எப்படிக் கொடுப்பது என்று அப்போது அவருக்குத் தெரியாது. கை விசைப்பலகையின் மேலேயே நின்றது. அந்த உலாவி நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு முகவரியைத்தான். அதைக் கேட்டால்தான் தப்பான வீட்டுக்குப் போகும். இதுவரை கேட்டிராத முகவரியைக் கேட்டால் வாசலுக்கு வந்துதானே தீர வேண்டும்?

"சார், புதுசா ஒரு பாதை போடறேன். அதே சர்வருக்கு. பேரு மட்டும் வேற."

தலைவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "போடுங்க. சின்னதா வைங்க, போன்ல சொல்லணும்."

'சிவப்பு' என்பதை ஆங்கில எழுத்துகளில் வைத்தார் அக்கா. அந்தப் பெயரில் வருகிற எதையும் அப்ளிகேஷன் சர்வருக்கு அனுப்பு என்று வரியை எழுதினார். தலைவர், "ரீஸ்டார்ட் பண்ணிடுங்க" என்றார். பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம், நிறுத்தாம கோப்பை மட்டும் ரீலோட் பண்ணுங்க. உள்ள யாராவது படிவம் நிரப்பிட்டு இருப்பாங்க" என்றார். அக்கா ரீலோட் செய்துவிட்டுத் தன் திரையில் அந்த முகவரியை அடித்தார்.

பக்கம் இல்லை என்று வந்தது.

"ஐயோ" என்றார் தலைவர்.

"சத்தம் போடாதீங்க சார், வரியைப் படிக்க விடுங்க."

வரியை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். வெப் சர்வர் 'சிவப்பு' என்ற சொல்லையும் சேர்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. அப்ளிகேஷன் சர்வருக்கோ அப்படி ஒரு பெயரே தெரியாது. வாசலில் சொன்ன சொல்லை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்பச் சொல்ல வேண்டும். அதற்கு உள் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட வேண்டும். போட்டார். மறுபடி சரிபார்த்து, மறுபடி ரீலோட். படிவம் வந்தது. கீழே மூலையில் பெரிய மருத்துவமனை ரத்த வங்கியின் அன்றைய இருப்பு தெரிந்தது. ஓ நெகட்டிவ், நான்கு. பயிற்சிக் கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

"தங்கச்சி, இருக்கியா?"

பதில் வந்தது, ஆனால் தங்கையின் குரல் இல்லை. "அவங்க உள்ள போயிருக்காங்கம்மா. டாக்டர் கூப்பிட்டாரு." கிளினிக்கின் ஆயா.

"எப்படி இருக்கு அந்தப் பொண்ணுக்கு?"

"பேசிட்டு இருந்திச்சு. இப்ப பேசல."

"ஆயாம்மா, அவளை ஒரே ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க. அவ பேர்லதான் படிவம் போகும், வேற யாரும் அனுப்ப முடியாது. ரத்தம் பெட்டியில ரெடியா இருக்குன்னு சொல்லுங்க. வந்தாத்தான் வண்டி கிளம்பும்னு சொல்லுங்க."

போனை மேசையில் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. பிறகு ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரை இப்படிக் காத்திருக்க வைத்திருக்கிறார் அக்கா. மறுமுனையில் உட்கார்ந்திருப்பது இப்படி இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"சொல்லு." தங்கை மூச்சிரைத்தாள். "ஆயா போனைக் காதுல பிடிச்சிருக்காங்க. ஒரு கையில இன்னும் கையுறை இருக்கு. சீக்கிரம் சொல்லு."

"நம்ம முகவரியை அடி. அது முடிஞ்சதும் ஒரு சாய்கோடு. அப்புறம் சிவப்பு. கலர் சிவப்பு. இங்கிலீஷ் எழுத்துல."

"எப்படி எழுதுவ? வி-யா, டபிள்யூ-வா?"

"வி. எஸ், ஐ, வி, ஏ, பி, பி, யூ. அப்புறம் இன்னொரு சாய்கோடு."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. அக்காவின் திரையில் வெப் சர்வரின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் அவர் தோளுக்கு மேல் குனிந்து நின்றார்.

ஒரு புதிய வரி விழுந்தது. காலையிலிருந்து வராத கிளினிக் வாசலுக்கு வந்துவிட்டது.

"வந்துட்டாங்க" என்று தலைவர் கிசுகிசுத்தார், ஏதோ உரக்கச் சொன்னால் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதுபோல.

"வேற மாதிரி இருக்கே, கீழ இருப்பெல்லாம் காட்டுது" என்றாள் தங்கை.

"அதுதான் நிஜம். நிரப்பு."

"நிரப்பிட்டேன். ஓ நெகட்டிவ். ரெண்டு. அவசரம். அனுப்பறேன்." ஒரு விசை தட்டும் சத்தம். "நம்பர் வந்துடுச்சு. ஆறு இலக்கம். படிக்கட்டுமா?"

"படி."

அவள் படிக்கப் படிக்க அக்கா உள் தொலைபேசியில் அதையே திருப்பிச் சொன்னார். டாக்டரம்மா, "என் திரையிலும் வந்துடுச்சு, அச்சாகுது" என்றார். பின்னால் லேபிள் இயந்திரம் கரகரப்பது கேட்டது.

வண்டி ஓட்டுகிறவருக்கு மருத்துவமனையில் புயல் என்று பட்டப்பெயர். மாட்டு வண்டிக்கே வழி விடுகிறவர் என்பதால் வைத்த பெயர். டாக்டரம்மா பெட்டியைக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு ஒருநாள் பேருக்கு ஏத்த மாதிரி ஓட்டுங்க" என்றாராம். அவர் பதில் சொல்லாமல் வண்டியின் சைரனை ஒலிக்கவிட்டார். அந்தச் சத்தம் ஜன்னல் இல்லாத கம்ப்யூட்டர் அறைக்குள்ளும் கேட்டது. பிறகு தேய்ந்து மறைந்தது.

இனி காத்திருப்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்காகச் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் பழகிப் பார்த்தவர்கள் இன்னும் ஐந்து கிளினிக்குகள். அதில் இரண்டு ஏற்கெனவே பயிற்சிக் கணினியில் விண்ணப்பம் போட்டிருந்தன. நாளைய அறுவைச் சிகிச்சைக்கு, அவசரம் இல்லை. தலைவர் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை அக்கா ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினார்.

முதல் கிளினிக்கின் குமாஸ்தா, "ஏங்க, நேத்து வரைக்கும் அந்த முகவரிதான் சரின்னு சொன்னீங்க, இன்னிக்கு அது தப்புங்கிறீங்க. நாளைக்கு எதுன்னு இப்பவே சொல்லிடுங்க" என்று குத்தினார். அக்கா வாங்கிக்கொண்டார். "என் தப்புதாங்க. எழுதிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது கிளினிக்கில் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். பேசும்போதெல்லாம் அவர் கண் மேசை மேலிருந்த கைப்பேசியிலேயே இருந்தது. ஆயாவிடமிருந்து, வண்டி வந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

தலைவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஆறியது. "நான்கூட அந்தக் கோப்பைப் போன வாரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் அக்கா" என்றார். "எண் என் கண்ணுலயும்தான் படல." அக்கா தலையை ஆட்டினார்.

கைப்பேசி அடித்தது.

"ஏத்தியாச்சு" என்றாள் தங்கை. "ரெண்டாவது பை ஓடிட்டு இருக்கு. ரத்தப்போக்கு நின்னுடுச்சு. இப்பத்தான் கண்ணைத் திறந்து குழந்தை எங்கன்னு கேட்டா."

அக்கா சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்த மிஷின் நம்பர் குடுத்துச்சு. பச்சையில எழுதிக் காட்டிச்சு. நான் அவ கையைப் பிடிச்சு, ரத்தம் வந்துட்டே இருக்கு, பயப்படாதேன்னு சொல்லிட்டே இருந்தேன். பொய் சொல்லியிருக்கேன் அக்கா. அரை மணி நேரம்."

"நீ சொல்லல. நான் சொல்ல வச்சிருக்கேன். ஒரு எண்ணை மாத்தாம விட்டேன்."

"அதை வீட்ல வந்து பேசிக்கலாம், உன்னைச் சும்மா விடப்போறதில்ல" என்றாள். "என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்தப் பச்சையை நம்பிட்டு உட்கார்ந்திருக்காங்க?"

"ஒரு கிளினிக் பாக்கி."

"அப்ப என்கூட என்ன பேச்சு? வை போனை."

அக்கா வைத்தார். கடைசி எண்ணை அழுத்தினார். நெடுநேரம் மணி அடித்த பிறகு ஓர் இளம் குரல் எடுத்தது. பின்னால் யாரோ அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பெரிய ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பேசறேன். நீங்க..."

"அக்கா, அப்புறம் பேசறேனே. விபத்து கேஸ் ஒண்ணு வந்திருக்கு, ரத்தம் கேட்டுப் படிவம் நிரப்பிட்டு இருக்கேன்."

"எங்க வரைக்கும் வந்திருக்கீங்க?"

"முடிச்சுட்டேன், அனுப்ப வேண்டியதுதான்."

"அனுப்பாதீங்க. கையை எடுத்துட்டு நான் சொல்ற முகவரியை அடிங்க" என்றார் அக்கா.